சுக்கான் இல்லாத படகு

நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் வானொலி அலையால் ஓட்டிக் காட்டிய சிறு படகில் சுக்கான் இருந்தது. ஜெகதளாவில் இரண்டு மோட்டார் வைத்து மாதிரிப் படகு செய்யும் மாணவருக்குச் சுக்கானே வேண்டாம்! இடப்புற மோட்டார் விரைந்து சுழன்றால் படகு வலப்புறம் திரும்பும். ஆகவே, மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு வேகக் கட்டுப்படுத்திகள், இரண்டு சேனல்கள் தேவை.

நம் மலையில் மூடுபனி சட்டென்று இறங்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தடுக்காது; கண்ணைத்தான் மறைக்கும். ஏரி நீரோ அலையை விழுங்கிவிடும். ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும்.

அலை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு, சில மலிவான ரிசீவர்களில் ஒரு சேனலுக்கு மட்டுமே உண்டு. ஒரு மோட்டார் நின்றுவிடும். மற்றது, மின்கலம் தீரும்வரை படகை நடு ஏரியில் வட்டமடிக்க வைக்கும். வாங்குமுன் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, இரண்டும் நிற்கின்றனவா என்று பாருங்கள்.