மோட்டார் எஞ்சினில் டப்பெற் ஓசையும் தேய்வும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்த ஊர் உடையார்கட்டு. 1990 இன் பின்னர், வன்னிக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வருதல் தடைப்பட்டிருந்த காலத்தில், இப்பகுதி மக்களுக்கு உதவியவற்றுள் 1950களின் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் அடங்கும். அமுக்க விகிதம் குறைந்த அவ்வெஞ்சின்கள், சிறிது பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடவல்லன. எனினும், ஒரு வால்வு எரிந்துவிடின் மாற்று வால்வு கிடைத்தல் அரிது. ஆதலின், எஞ்சினின் ஓசையைக் கேட்டு உணரும் செவியே அந்நாளில் பெருஞ்செல்வமாயிற்று.

கேம் தண்டின் முனைப்பு டப்பெற்றை உயர்த்த, உந்துதண்டும் றொக்கரும் வாயிலாக வால்வு திறக்கின்றது. சூட்டினால் வால்வுத்தண்டு நீளுமாதலால், றொக்கருக்கும் அதற்குமிடையே சிறிது இடைவெளி விடப்படும். அவ்விடைவெளி மிகுந்தால் உறுப்புகள் மோதி ஒலிக்கும்; மோதுமிடம் தேயும். குறைந்தாலோ ஓசை அடங்கும். ஆனால் வால்வு தன் இருக்கையிற் செவ்வனே படியாது. புகைபோக்கு வால்வு தன் வெப்பத்திற் பெரும்பகுதியை இருக்கை வழியாகவே இழக்கின்றது. படியாத வால்வு எரிந்து கெடும்.

இவ்வோசையை ஒழிக்க முன்னோர் பலவாறு முயன்றனர். 1908 இல் வெளிவந்த போர்ட் ‘ரி’ வகைக் காரில் இடைவெளியைத் திருத்தும் திருகாணியே இல்லை. தண்டின் நுனியை அராவியே சரிசெய்தனர். சிலர் டப்பெற்றின் தலையில் நார்த்தகடு பதித்தனர். அமெரிக்கரான சார்ள்ஸ் நைற் இத்தகைய வால்வையே நீக்கி, உறைவால்வு எஞ்சினை அமைத்தார். 1930 இல் கடிலாக் பதினாறு சிலிண்டர் எஞ்சின், எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பும் முறையைக் கொண்டிருந்தது.

மொறிஸ் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு, குளிர்ந்த நிலையில், இடைவெளி 0.012 அங்குலம். அதன் எட்டு வால்வுகளைத் திருத்த எளிய விதியொன்றுண்டு: முற்றாகத் திறந்துள்ள வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க, வரும் எண்ணுடைய வால்வைத் திருத்துக. மூன்றாவது திறந்திருப்பின், ஆறாவதைத் திருத்தல் வேண்டும். நட்டை இறுக்கியபின் மீண்டும் அளத்தல் அவசியம். இறுக்கும்போது திருகாணியும் சிறிது திரும்பிவிடும்.

அளவு சரியாகக் காட்டியும் ஓசை நீங்காதாயின் றொக்கரின் முகத்தை நோக்குக. அங்கே தேய்வினாற் குழி விழுந்திருப்பின், அளவுத்தகடு குழியின் மேலே பாலம்போற் கிடக்கும். மெய்யான இடைவெளி காட்டியதினும் பெரிதாயிருக்கும். எண்ணெய்க்கல்லால் முகத்தைச் சமப்படுத்திய பின்னரே அளத்தல் வேண்டும். றொக்கர்த் தண்டுக்கு எண்ணெய் செல்லும் துளை அடைபட்டுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓட்டுவோர்க்கு வேறோர் இடருமுண்டு. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். கேம் முனைப்பும் டப்பெற்றும் தொடுமிடம் மிகச் சிறிது. அங்கு அழுத்தமோ மிகப் பெரிது. நீர்த்த எண்ணெய் அவ்வழுத்தத்தைத் தாங்காது. ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றுதலே தேய்வைக் குறைக்கும் முதல் வழியாம்.

ஓசையை அடக்குதல் வேறு; அதன் காரணத்தைத் தீர்த்தல் வேறு. அமைதியை விரும்பி இடைவெளியை இறுக்கியவன் வால்வை இழந்தான். மெல்லொலியைப் பொறுத்து அளவைக் காத்தவன் வண்டியைக் காத்தான். தொழில் பயிலும் மாணவர் இதனை மனங்கொள்வாராக.