கண்ணேறும் அம்மோனியாவும்

வாஸ்து சொல்பவர்களின் கணக்கு ஒன்பது: எட்டு பொன்மீன், கூடவே ஒரு கறுப்பு மீன். கூடத்தின் வடகிழக்கு மூலையில் இரண்டடித் தொட்டி. சென்னைக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போனால் தொட்டி, கூழாங்கல், மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்கிவிடலாம். அன்று மாலையே மீன் நீந்தும். பத்து நாளில் இரண்டு சாகும், அடுத்த வாரம் இன்னும் மூன்று. அப்போது வீட்டில் மூத்தவர் யாராவது ஆறுதல் சொல்வார்: "போகட்டும் விடு, நம்ம வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு."

இந்த ஆறுதலில் ஒரு வசதி இருக்கிறது. செத்ததற்குக் காரணம் தேட வேண்டாம். குறைந்த எண்ணிக்கையை நிரப்பினால் போதும். கடைக்காரருக்கும் இதில் வருத்தமில்லை. ஆனால் பொன்மீன் நல்ல தண்ணீரில் பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 'டிஷ்' என்று பெயரிட்டு வளர்த்த ஒரு பொன்மீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல்தான் இறந்தது. பதினைந்தாம் நாளில் சாகிற மீனைக் கொன்றது பக்கத்து வீட்டுக்காரர் கண் அல்ல. பெரும்பாலும் அம்மோனியா, அதில் தப்பியதை நைட்ரைட்.

"தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கே, அதில் என்ன விஷம்?"

அம்மோனியாவுக்கும் நிறமில்லை, நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. மீன் கழிவு என்றால் நாம் அடியில் கிடக்கும் எச்சத்தை மட்டும் நினைக்கிறோம். உண்மையில் மீன் தன் உடலில் சேரும் அம்மோனியாவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே நேராகத் தண்ணீரில் விடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போதும் அதே அம்மோனியா. ஆற்றில், குளத்தில் அது கரைந்து போகும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஐம்பது லிட்டர்தான் தண்ணீர், போக வழியில்லை.

அந்த அம்மோனியா எவ்வளவு கொல்லும் என்பது தண்ணீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 28 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 என்றால் ஆறு பங்குக்கு மேல். ஆகவே ஒரே எண்ணிக்கை மீன், ஒரே தீனி. மெட்ரோ தண்ணீர் ஊற்றிய வீட்டில் பிழைத்தது, காரமான போர் தண்ணீர் ஊற்றிய வீட்டில் செத்தது என்று ஆகலாம். அதற்கும் ராசி, கைராசி என்று விளக்கம் சொல்வார்கள்.

புதுத் தொட்டியில் சில நாளில் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்தால் மட்டும் எல்லோரும் பதறுகிறார்கள். அது அழுகலைத் தின்று பெருகும் வேறு வகை பாக்டீரியா. பார்க்க அசிங்கம், பெரும்பாலும் தானே தெளியும். கலங்கலுக்குப் பயந்து, தெளிவை நம்புகிறோம்.

"தண்ணீரை ஒரு நாள் ஊற வைத்தால் தொட்டி தயார்"

ஊற வைப்பது குளோரின் போவதற்கு. குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, ஏர் பம்ப் ஓட விட்டாலோ சாதாரண குளோரின் போய்விடும். (குளோரமின் கலந்த தண்ணீராக இருந்தால் போகாது, அதற்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கி வேண்டும். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், பழைய ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவப் பயன்படுத்திய அதே 'ஹைப்போ'.) குளோரின் போனதால் தண்ணீர் மீனைக் கொல்லாது என்றாகிறது, அவ்வளவுதான். தொட்டி தயாராவது வேறு வேலை. அதற்கு ஒரு நாள் போதாது, மூன்று முதல் ஆறு வாரம் வேண்டும்.

அந்த வாரங்களில் நடப்பது இது. அம்மோனியாவை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் மெல்ல ஒட்டிக் குடியேறுகின்றன. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். பிறகு இன்னொரு கூட்டம் வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். மண்ணில் இந்த வேலையைச் செய்யும் உயிர்களை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. இவற்றின் குறை ஒன்றே ஒன்று, சோம்பல். நம் குடலில் வாழும் ஈ. கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவை இரட்டிப்பாக அரை நாளோ ஒரு நாளோ, சிலசமயம் அதற்கு மேலுமோ ஆகும். நம் அவசரம் அவற்றுக்குத் தெரியாது.

முதல் கூட்டம் சேர்ந்து, இரண்டாம் கூட்டம் சேராத இடைவெளிதான் ஆபத்தான காலம். அம்மோனியா இறங்குகிறது, நைட்ரைட் ஏறுகிறது. நைட்ரைட் மீனின் ரத்தத்தில் நுழைந்து, ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி அதை மாற்றிவிடும், ரத்தமே பழுப்பாகிவிடும். ஏர் பம்ப் நுரை தள்ளிக்கொண்டிருக்கும்போதே மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இந்த நிலையில் கைகொடுப்பது சமையலறைக் கல் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து ஊற்றி, பாதித் தண்ணீரையும் மாற்றினால் பல மீன்கள் பிழைக்கும். செடி நிறைய உள்ள தொட்டியில் மட்டும் உப்பில் கொஞ்சம் கவனம் தேவை.

இந்தக் காலத்தை மீனே இல்லாமல் கடத்துவதுதான் முறை. அம்மோனியாவை நாமே கொடுக்க வேண்டும். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுக விடலாம். ஒரு இறால் துண்டைப் போட்டு வைப்பவர்களும் உண்டு, வீடு மணக்கும். சுத்தமான வழி அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் கையில் இருக்கும் நவச்சாரம் அதேதான். ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது. ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் வாங்குவது நல்லது. ஐம்பது லிட்டருக்கு 0.3 கிராம் போட்டால் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். இப்படிப் போட்டது 24 மணி நேரத்தில் முழுதும் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். அதைக் காட்ட சொட்டுச் சோதனைப் பெட்டி வேண்டும். பாறை, பாலம், நுரை விடும் புதையல் பெட்டி எல்லாம் வாங்குகிற கை இதற்கு மட்டும் தயங்குகிறது.

"பாக்டீரியா பாட்டில் ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாம்"

சில வேலை செய்யும், பல செய்யாது. வெயிலில் வெந்த கடை அலமாரியில் எத்தனை மாதம் இருந்தது என்பது பாட்டிலின் மேல் எழுதியிருக்காது. உள்ளே இருப்பது சரியான வகைதானா என்பதும் கேள்வி. மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்றே வெகுகாலம் நம்பினார்கள். அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாட்டிலை விட நம்பகமானது, மீன் நன்றாக வாழும் நண்பர் வீட்டுத் தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் செருகினால் வாரங்கள் குறையும். பழைய தொட்டியின் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவருவதில் பயனில்லை. இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பதில்லை, ஒட்டி வாழ்கின்றன.

"வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அலசிக் கழுவணும்"

எனக்குத் தெரிந்து மீனை அதிகம் கொல்வது இந்தச் சுத்தம்தான். மீனை வாளியில் பிடித்துப் போட்டு, கல்லை அரிசி களைவதுபோல் களைந்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளைத் தண்ணீர் வரும்வரை பிழிந்து, தொட்டியைப் புதிதுபோல் வைப்பார்கள். புதிதேதான். குடியேறிய உயிர்கள் எல்லாம் சாக்கடையில். மீனுக்கு மறுபடி முதல் நாள். வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதன்மேல் படக்கூடாது. மின்சாரம் மணிக்கணக்கில் போனாலும் இதே கதை, ஸ்பாஞ்சில் குடியேறிய உயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

"கேன் தண்ணீர்தான் சுத்தம்"

நமக்கு. கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் வடிந்துவிடுகின்றன. அம்மோனியாவை மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றபடியேதான் நடக்கும். தின்ன எதுவுமில்லாத தண்ணீரில் பி.எச். சரிந்து 6-க்குக் கீழே போனால் வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும். போர் தண்ணீர் மிகவும் கடினமென்றால் இரண்டையும் கலந்து ஊற்றுங்கள்.

"செடி வைத்தால் எல்லாம் தானே சமன்"

பாதி உண்மை. 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் கண்ணாடிக் கலத்தில் வாலிஸ்நேரியா செடியையும் இரண்டு சிறு பொன்மீன்களையும் வைத்துப் பார்த்தார். அழுகும் இலையால் தண்ணீர் கெட, நத்தைகளைச் சேர்த்தபின் சரியாயிற்று. செடி அம்மோனியாவை உறிஞ்சும் என்பது மெய். ஆனால் நன்றாக வேர் பிடித்து வளரும் செடிதான் உறிஞ்சும். பிளாஸ்டிக் தாமரை உறிஞ்சாது.

"ஃபைட்டருக்கு ஒரு ஜாடி போதும்"

ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றை நேராக மூச்சிழுக்கும், ஆகவே ஜாடியில் உடனே சாவதில்லை. ஆனால் காற்றை மூச்சிழுக்கும் உறுப்பு அம்மோனியாவைத் தடுக்காது. மெல்லச் சாகிறது, அவ்வளவே.

"ஒரு சக்கர் போட்டால் தொட்டி தானே சுத்தமாகும்"

பாசியைக் கொஞ்சம் தின்னும். தின்பதை எல்லாம் கழிவாக விடும், அதுவும் ஏராளமாக. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் விரல் நீளத்தில் கடையில் கிடைக்கும், ஓரடியைத் தாண்டி வளரும். அப்போது தொட்டி போதாமல் இரவோடு இரவாக ஏரியில் விட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டு ஏரிகளிலும் கேரளக் கால்வாய்களிலும் இன்று மீனவர் வலையைக் கிழிப்பது அதன் முள்துடுப்பு. வாங்கியிருந்தால், இடம் போதாமல் போகும் நாளில் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பலர் காசு தரமாட்டார்கள், ஆனால் வாங்கிக்கொள்வார்கள்.