பழைய லாரி இழுக்கவில்லையா? பம்பைக் கழற்றுமுன் கவனியுங்கள்

கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை அறுவடை முடிந்து, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்படுகிறது ஒரு பழைய லாரி. சிறிய மேட்டிலேயே திணறுகிறது. சைலன்சரில் கரும்புகை தள்ளுகிறது. "டைமிங் போயிடுச்சுண்ணே, பம்பைக் கழட்டணும்" என்று யாராவது சொன்னதும் வண்டிக்காரர் சம்மதித்து விடுகிறார். பம்பைக் கழற்றி மாட்டிய பிறகும் கோளாறு தீராவிட்டால் கூலியும் நஷ்டம், அன்றைய சரக்கு விலையும் நஷ்டம். கிணற்றடியில் உள்ள ஆயில் என்ஜினுக்கும் இந்தக் கதைதான். எனவே டைமிங் என்றால் என்ன, எப்போது அதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை விவசாயிகளும் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

டைமிங் என்பது என்ன?

சுதந்திரம் வந்த காலத்தில் நம் சாலைகளில் ஓடிய பெட்போர்டு, டாட்ஜ் போன்ற லாரிகள் பெட்ரோலில் ஓடின. அவற்றில் பிளக்கின் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கும். பாயிண்ட் தேய்ந்து இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறும். டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. பதினாறு, பதினேழு பங்கு காற்று ஒரு பங்கு இடத்தில் நெருக்கப்படும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக் கொள்கிறது. இம்முறையில் ஓடும் என்ஜினை ஜெர்மனியில் ருடால்ப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டினார். ஆகவே டீசல் லாரியில் டைமிங் என்றால், பம்பு டீசலைத் தள்ளத் தொடங்கும் நேரம் என்று பொருள்.

பழைய என்ஜின்கள் பலவற்றில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 20 டிகிரி முன்பே இது தொடங்க வேண்டும். சரியான அளவு அந்தந்த என்ஜினின் கையேட்டில் இருக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் என்ஜினில் 18 டிகிரியைக் கடக்க ஆகும் நேரம், ஒரு வினாடியில் 500-இல் ஒரு பங்குதான். ஊஞ்சலை ஆட்டுவது போல இது. ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கையில் அடிக்கும். போன பிறகு தள்ளினால் விசை சேராது.

அறிகுறிகள்

டைமிங் முந்தியிருந்தால் பாரம் இழுக்கும்போது சுத்தியலால் தட்டுவது போல் 'டக் டக்' என்று கடும் சத்தம் வரும். ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் திருப்பி உதைக்கும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், பேரிங் எல்லாம் கெடும்.

பிந்தியிருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். வெள்ளைப் புகை வரும். பாரத்தில் கரும்புகை தள்ளும். இழுவை குறையும், என்ஜின் சூடாகும், டீசல் கூடுதலாகச் செலவாகும்.

இதில்தான் ஏமாந்து போகிறோம். கரும்புகைக்கும் இழுவைக் குறைவுக்கும் டைமிங் மட்டும் காரணமல்ல. யாரும் பம்பைத் தொடாமலிருக்க, நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று திடீரென்று இழுக்கவில்லையென்றால், டைமிங்கைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும். பம்பின் கப்ளிங் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் உடனே பார்த்து விடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. டீசல் பில்டர்: அடியில் தேங்கிய தண்ணீரையும் அழுக்கையும் வெளியேற்றுங்கள். அடைத்திருந்தால் புதியது போடுங்கள்.

2. காற்று: டீசல் குழாயில் காற்று புகுந்தால் என்ஜின் திணறும். பம்பின் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, பிறகு முடுக்குங்கள்.

3. ஏர் கிளீனர்: களத்துத் தூசியும் கடலைத் தூசியும் இதை விரைவில் அடைத்து விடும். எண்ணெய் வகை என்றால் பழைய எண்ணெயைக் கொட்டிக் கழுவி, குறியளவு புது எண்ணெய் ஊற்றுங்கள்.

4. டேப்பட் இடைவெளி: கையேட்டு அளவுப்படி கேஜ் தகடு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

5. நாசில்: என்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் சிறிது தளர்த்தி மீண்டும் முடுக்க வேண்டும். எதைத் தளர்த்தினால் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு.

எச்சரிக்கை: நாசிலிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையை ஒருபோதும் எதிரே காட்டக் கூடாது. அப்படி நேர்ந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

பம்பைக் கழற்றத்தான் வேண்டுமென்றால்

மேற்சொன்ன ஐந்தும் சரியாயிருந்து கோளாறு தீரவில்லையெனில் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கழற்றுமுன் பம்பின் விளிம்பிலும் அது பொருந்தும் இடத்திலும் ஒரே நேராக உளியால் ஒரு குறி போடச் சொல்லுங்கள். கப்ளிங்கிலும் அவ்வாறே. இந்தக் குறி இல்லாததால்தான் பல வண்டிகள் பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைகின்றன. பல்சக்கரத்தைப் பிரித்தால் இன்னும் கவனம் தேவை. 60 பல் உள்ள பம்புச் சக்கரம் ஒரு பல் மாறி மாட்டப்பட்டால் என்ஜின் கணக்கில் 12 டிகிரி தவறிப் போகும்.

மாட்டிய பிறகு மெக்கானிக் முதல் சிலிண்டருக்கான டெலிவரி வால்வை எடுத்து விட்டு, என்ஜினை அது ஓடும் திசையில் மெல்லத் திருப்புவார். ஒழுகும் டீசல் நின்று சொட்டாகும் வேளையில் பிளைவீல் குறி முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். குறி வருமுன்பே நின்றால் டைமிங் முந்தியிருக்கிறது. குறி தாண்டிய பின் நின்றால் பிந்தியிருக்கிறது. இதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கிணற்று என்ஜின்

ஒற்றைச் சிலிண்டர் ஆயில் என்ஜின்கள் பலவற்றில் பம்பின் அடியில் காகிதம் போன்ற மெல்லிய தகடுகள் இருக்கும். இவைதான் ஷிம். ஒரு தகட்டைக் கூட்டினால் டைமிங் பிந்தும், குறைத்தால் முந்தும். பம்பைக் கழற்றும்போது ஒரு தகடு சேற்றில் விழுந்து தொலைந்தால்கூட மறுநாள் கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்து விடலாம். எனவே தகடுகளை எண்ணி எழுதி வையுங்கள். கைப்பிடி சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள். சுற்றி வளைத்துப் பிடிக்காதீர்கள். பிள்ளைகளைச் சுற்ற விடாதீர்கள்.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 லாரிகளில் டீசல் பீச்சும் நேரத்தைக் கம்ப்யூட்டரே கவனிக்கிறது. இங்கே சொன்ன முறைகள் அவற்றுக்குப் பொருந்தா.

பில்டரைப் பார்க்க அரை மணி நேரம் போதும். பம்பைக் கழற்றினால் ஒரு நாள் வேலை கெடும். எளியதை முதலில் பார்த்து, பம்பைக் கடைசியாகத் தொடுங்கள். தொடுமுன் குறி போடுங்கள்.