சேஸிஸ் நம்பரைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்

ஓய்வு பெறும்போது கிடைக்கும் சேமலாப நிதிக் காசில் மகனுக்கு ஒரு த்ரீவீலரோ லேண்ட்மாஸ்டரோ வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் கொழும்பிலேயே பழைய வாகனம் பார்த்து வாங்குவதும் உண்டு. விலையையும் பெயின்டையும் பார்க்கிறோம். இலக்கத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இம்முறைப் பாடம் அதைப் பற்றியது.

வாகனத்துக்கு மூன்று இலக்கங்கள் உண்டு. நம்பர் பிளேட்டில் இருப்பது பதிவு இலக்கம். பிளேட்டைக் கழற்றி மாட்டலாம். எஞ்சின் இலக்கம் எஞ்சினை மாற்றினால் மாறிவிடும். சேஸிஸ் இரும்பில் அடித்திருப்பதுதான் சேஸிஸ் இலக்கம். நமக்குக் கைரேகை மாதிரி, வாகனத்துக்கு அது.

இப்போதைய வாகனங்கள் பலவற்றில் இது எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்டது. 1, 0 என்ற எண்களோடு குழம்பாமல் இருக்க ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் இதில் வராது. ஜப்பானிலிருந்து வந்த பல வாகனங்களிலும் பழைய டிராக்டர்களிலும் இலக்கம் குட்டையாக இருக்கும்; அது பிழையல்ல.

"தோட்டத்து ரோட்டுலதானே ஓடப்போகுது, புக் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிராக்டரும் லேண்ட்மாஸ்டரும் பதிவுசெய்ய வேண்டியவையே. சாரதி அனுமதிப்பத்திரத்திலும் அவற்றுக்கு ஜி, ஜி1 என்று தனி வகுப்புகள் உண்டு.

வாங்குமுன் செய்ய வேண்டியவை:

1. பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியைக் கேளுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் சேஸிஸ், எஞ்சின் இலக்கங்களை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கட்டும்.

2. இலக்கம் உள்ள இடத்தில் அராவிய தடமோ, புது வெல்டிங்கோ, கோணலான எழுத்தோ இருந்தால் விலகிவிடுங்கள்.

3. புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்கும்வரை காசு கொடுக்க வேண்டாம்.

4. நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகன விபரப் பிரதி எடுக்கலாம். கொழும்பிலுள்ள பிள்ளையை அனுப்புங்கள், வெள்ளவத்தையிலிருந்து தூரமில்லை.

5. 'ஓப்பன் பேப்பரில்' வைத்திருக்காதீர்கள். 14 நாட்களுக்குள் கைமாற்றத்தை அறிவித்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

திருட்டு வாகனம் என்று தெரிந்தால் பொலிஸார் கைப்பற்றுவார்கள். விற்றவன் போய்விடுவான், நமது முப்பது வருட உழைப்பு பொலிஸ் முற்றத்தில் துருப்பிடிக்கும்.

வீட்டுப் பயிற்சி: உங்கள் லயத்தில் வாகனம் வைத்திருப்பவர் இருந்தால், புத்தகத்தையும் சேஸிஸ் இலக்கத்தையும் இந்த ஞாயிறே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.