ஊர்ப் பொதுவெளி

உணவும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. அவற்றிற்கு அடுத்தபடியாக வேண்டப்படுவது திறந்த வெளி. சிறுவர் ஓடியாடவும், இளைஞர் உடலை உரப்படுத்தவும், முதியோர் மாலையில் அமர்ந்து இளைப்பாறவும் ஓர் இடம் வேண்டும் அன்றோ? செல்வர் மனையில் முற்றம் உண்டு, தோட்டமும் உண்டு. ஓர் அறையில் ஐவர் வாழும் குடும்பத்திற்கோ தெருவே முற்றம், தெருவே தோட்டம். ஊர்திகள் மலிந்த இந்நாளில் அத்தெருவிலும் பிள்ளைகள் அஞ்சாமல் ஆட இயலாது.

பழந்தமிழர் பொதுவெளியின் அருமையை நன்கு உணர்ந்திருந்தனர். ஊர் நடுவே மரநிழலில் மன்றம் அமைத்து அங்கே கூடினர். பூம்புகாரில் இலவந்திகை, உவவனம் முதலிய சோலைகள் இருந்தமையை மணிமேகலை கூறுகின்றது. அவற்றுள் இலவந்திகை அரசனுக்கும் அவனைச் சார்ந்தோர்க்கும் உரியது. ஊரில் சோலை இருப்பது வேறு. அச்சோலை எல்லார்க்கும் உரியதாய் இருப்பது வேறு.

இவ்வேறுபாட்டை மேல்நாட்டாரும் காலப்போக்கில் உணர்ந்தனர். ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில், உழைக்கும் மக்கள் உலவுவதற்கு இடமின்றி நலிந்தனர். 1833ஆம் ஆண்டு பாராளுமன்றக் குழு ஒன்று இக்குறையை எடுத்துரைத்தது. பின்னர், 1847இல் பர்க்கன்ஹெட் நகரில் பொதுப்பணத்தால் அமைந்த பூங்கா ஒன்று மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இனி, நம் நாட்டு நகரங்களை நோக்குவோம். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை மரங்கள் செறிந்த காடாக இருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். இன்று அம்மரத்தைக் காண விழைவோர் பிச்சாவரத்து உப்பங்கழிக்குச் செல்லுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நகரில் 62,153 மக்கள் வாழ்ந்தனர். காட்டின் பெயரைத் தாங்கிய ஊரில் இன்று நிழல் தேட வேண்டியுள்ளது.

கடலூரில் அவ்வாண்டு 1,73,636 மக்கள் வாழ்ந்தனர். 2021இல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையும் மஞ்சக்குப்பத்துப் பெருந்திடலும் அந்நகரின் செல்வங்கள். ஆயினும், முதுநகரின் நெருங்கிய சந்தில் வாழும் சிறுவன் பள்ளி விட்டபின் நாள்தோறும் அவ்விடங்களுக்குச் சென்று மீளுதல் எளிதன்று. சிறுவனுக்கு வேண்டியது கூப்பிடு தொலைவில் ஒரு திடல். திருவிழா நாளில் மட்டும் காணும் பெருவெளியன்று.

சட்டம் இதனை மறந்துவிடவில்லை. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், பூங்காவும் விளையாட்டுத்திடலும் அமைத்தலை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட வளர்ச்சி விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவில் சாலைகள் நீங்கிய நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்த வெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

இவ்விதி நன்றே. ஆனால், இதனால் பயனடைவன புதிய குடியிருப்புகளே. முறையான மனைப்பிரிவாக அமையாமல், தலைமுறை தலைமுறையாக நெருங்கி வளர்ந்த ஏழையர் தெருக்களுக்கு இவ்விதி ஓரடி நிலமும் தருவதில்லை. இடம் உள்ளார்க்கே மேலும் இடம் கிடைக்கின்றது. விதி தாராத இடத்தைப் பொதுப்பணமே தருதல் வேண்டும்.

2015இல் நடுவண் அரசு தொடங்கிய அம்ருத் திட்டம் பூங்காக்களுக்கும் ஒரு சிறு பங்கை வகுத்தது. எனினும், அது பெரும்பாலும் 1 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களையே நோக்கியது. சிதம்பரம் போன்ற சிறு நகரங்கள் அந்த அளவை எட்டவில்லை. 2021இல் தொடங்கிய இரண்டாம் கட்டமே எல்லா நகரங்களையும் நோக்கி விரிந்தது.

பணம் வந்தபின் அதனை எங்கே செலவிடுவது என்பதே பெரிய வினா. நெருக்கடி மிக்க தெருவுக்கு முதலிடம் தருதல் முறை. பயனின்றிக் கிடக்கும் புறம்போக்கு நிலமும், பள்ளி விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் திடலும் அங்கே பயன்படலாம். பெண்டிரும் அச்சமின்றி வர விளக்கு வேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும். திறப்பு விழாவுக்குச் செலவிட்டுப் பராமரிப்பை மறந்தால், ஊஞ்சல் துருப்பிடிக்கும், திடல் குப்பைமேடாகும்.

வரிப்பணம் எல்லாருடைய பணம். ஏழைச் சிறுவனுக்கு அமைக்கும் திடல் இரக்கத்தால் இடும் பிச்சையன்று, அவனுக்குரிய பங்கேயாகும். அப்பங்கை அளித்தல் அரசின் கடன். அளித்ததைப் பேணிக் காத்தல் குடிமக்கள் கடன்.