சிவப்பு ஆயில் எங்கிருந்து ஒழுகுது?



என் மாமா துபாயில் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக். லீவுக்கு வந்திருந்தபோது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒழுகினால் எப்படிச் சரி செய்வது என்று என் நோட்டில் படம் போட்டுச் சொல்லித் தந்தார். அவர் எடுத்துக்கொண்ட கார், செவர்லே கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். 1953-ல் வந்த முதல் கார்வெட்டிலேயே ஆட்டோமேட்டிக் கியர்தான். மாமா விளக்கியது 1980-களில் வந்த மாடல். அதில் 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டி இருக்கிறது.

கியர் தானா எப்படி மாறுது?

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் சுவிட்சு போடுங்கள். அந்தக் காற்றிலேயே மற்றதும் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். இந்த அமைப்புக்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

அறிவியல் பாடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, அதுவும் இங்கே வருகிறது. பம்ப் ஆயிலை அழுத்தும். அந்த அழுத்தம் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும். எந்தத் தட்டைப் பிடிக்குதோ அந்தக் கியர் விழும்.

ஒழுகினால் என்ன ஆகும்?

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அழுத்தம் குறையும். தட்டுகள் வழுக்கி, சூடாகி, கருகிப்போகும். ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனால் கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. சூடான சைலன்சர் பைப்பில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

கண்டுபிடிக்கும் முறை

"சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற மாப்ளே" என்றார் மாமா. இந்தப் பாடத்தில் முக்கியமானது இதுதான். ஆயில் மேலே கசிந்து கீழே வழியும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால்:

1. காருக்கு அடியில் இரவு முழுக்க அட்டை விரித்து வைக்க வேண்டும்.
2. சொட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் கியர் ஆயில், பழசானால் பழுப்பாகும். கறுப்பு என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், பயப்பட வேண்டாம்.
3. கியர்பாக்ஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும். ஈரம் இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றிற்கும் மேலே, எல்லாவற்றிற்கும் முன்னால் இருக்கிறதோ, அதுதான் திருடன்.

வழக்கமாக ஒழுகும் இடங்கள்: அடியில் உள்ள பான் கேஸ்கட், கேபிள் நுழையும் இடத்து ஓ-ரிங், கூலர் பைப் இணைப்பு, பின் ஆயில் சீல், முன் பம்ப் சீல். முன் சீல் போனால்தான் பெரிய வேலை. முழுக் கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும்.

பான் கேஸ்கட் மாற்றுவது

பானைக் கழற்றினால் ஏறக்குறைய 5 லிட்டர் ஆயில் வரும். மீதி கன்வெர்ட்டரிலேயே நிற்கும். பானுக்குள் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணம். இரும்புத் துண்டுகள் இருந்தால் கேஸ்கட் மாற்றி மட்டும் பயனில்லை, உள்ளேயே கோளாறு.

ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, பழைய கேஸ்கட்டைக் கீறல் விழாமல் சுரண்டி எடுக்க வேண்டும். போல்ட்டுகள் மொத்தம் 16. ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டே போகாமல், மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் பான் விளிம்பு வளைந்து முன்னைவிட அதிகமாக ஒழுகும்.

புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். சூடானதும், சமதரையில், எஞ்சின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். அணைத்துவிட்டால் மேலே இருக்கும் ஆயில் பானுக்கு இறங்கி, அதிகமாக இருப்பதுபோல் காட்டும்.

உயிர் முக்கியம்!

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. கட்டாயம் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். "ரெண்டே நிமிஷ வேலை"க்கும் இதே விதிதான். ஆயிலும் பைப்பும் ஆறின பிறகே கை வைக்க வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

தெரியுமா உங்களுக்கு?

ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலங்களைக் காக்கும் சட்டங்கள் வந்த பிறகுதான் அது நின்றது.

யோசித்துப் பாருங்கள்

ஒரு காரில் பானின் ஓரத்திலிருந்து சிவப்பு ஆயில் சொட்டுகிறது. பான் போல்ட்டுகள் சரியாக இருக்கின்றன. அதற்கு மேலே, கேபிள் நுழையும் இடத்திலும் ஈரம். முதலில் எதை மாற்றுவீர்கள்? ஏன்? விடையைத் துண்டுச்சீட்டில் எழுதி எங்கள் வகுப்பில் கொடுங்கள்.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்