கண்ணுக்குத் தெரியாத விளக்கு: செந்நிறக்கீழ்க் கதிரும் இரவுப் பார்வைக் கருவியும்

தரம் 11 – மின்காந்த அலைகள்: மேலதிக விளக்கமும் பயிற்சியும்

அறிமுகம்

மாணவர்களே, முதலில் ஒரு சிறு செயற்பாடு. தொலைக்காட்சி றிமோட்டின் முனையைக் கையடக்கத் தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கமராத் திரையிலோ ஊதா கலந்த வெண்ணொளி மினுங்கும். (சில தொலைபேசிகளின் பின்பக்கக் கமராவில் இக்கதிரைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். அப்படியாயின் முன்பக்கக் கமராவில் முயன்று பாருங்கள்.)

றிமோட்டிலிருந்து ஒளி வந்தது உண்மை. அதை உணரும் ஆற்றல் நமது கண்ணுக்கு இல்லை, கமராவுக்கு உண்டு. இவ்வளவையும் விளங்கிக்கொண்டால் இப்பாடத்தில் பாதி முடிந்தது.

1. அடிப்படை விளக்கம்

நமது கண்ணுக்குப் புலனாவது ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளமுள்ள ஒளியாகும். சிவப்புக்கு அப்பால், அதிலும் கூடிய அலைநீளமுள்ளவை செந்நிறக்கீழ்க் கதிர்கள்.

இரவுப் பார்வைக் கருவியின் குழாயில் நிகழ்வதை நான்கு படிகளாக எழுதலாம்.

• வில்லை, மங்கிய ஒளியைக் குவிக்கிறது.
• ஒளிக்கதோட்டில் ஒளி பட, இலத்திரன்கள் வெளியேறுகின்றன.
• அவ்விலத்திரன்கள் பல்லாயிரம் மடங்காகப் பெருக்கப்படுகின்றன.
• அவை ஒளிரும் திரையில் மோத, பிம்பம் தோன்றுகிறது.

இக்கருவி இருக்கும் ஒளியைப் பெருக்குமே தவிர, இல்லாத ஒளியை உண்டாக்காது. பூச்சியத்தை எத்தனை ஆயிரத்தால் பெருக்கினாலும் விடை பூச்சியமே. நிலவும் நட்சத்திரமும் இல்லாத இடத்தில், பூட்டிய களஞ்சியத்தில், குகையில் கருவிக்கு ஒளி வேண்டும். அதைக் கொடுப்பதே செந்நிறக்கீழ் விளக்கு.

2. விளக்கைத் தெரிவுசெய்தல்

(அ) அலைநீளம் பொருந்துகிறதா?

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை 850 நனோமீற்றர், 940 நனோமீற்றர் என இரு வகை. 850 வகையின் முகத்தைப் பார்த்தால் மங்கிய செந்நிறம் தெரியும். 940 வகையில் அதுவும் தெரியாது. அப்படியானால் 940 தான் சிறந்தது என்று அவசரப்பட வேண்டாம். மூன்றாம் தலைமுறைக் குழாய்களிலுள்ள கலியம் ஆசனைட்டு ஒளிக்கதோட்டின் உணர்திறன் ஏறத்தாழ 900 நனோமீற்றரில் சடுதியாக விழுந்துவிடுகிறது. அக்கருவிக்கு 940 விளக்கைப் பிடிப்பது குருடன் முன் விளக்கேற்றுவது போலாகும். சிலிக்கன் உணரியுள்ள டிஜிற்றல் கமரா 940 ஐயும் உணரும். ஆனால் உணர்திறன் குறைவு, ஆகவே எட்டும் தூரமும் குறைவு. எனவே முதலில் கருவியை அறிந்து, பின்னரே விளக்கைத் தெரிவுசெய்ய வேண்டும்.

(ஆ) தூரமும் கற்றையும் எவ்வளவு?

விரிந்து செல்லும் ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமாகும். 50 மீற்றரில் கிடைத்த செறிவு 100 மீற்றரில் நான்கில் ஒன்றாகவும், 150 மீற்றரில் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும். தூரத்தை இரட்டிக்க நான்கு மடங்கு வலுவான விளக்கு வேண்டுமா? இன்னொரு வழியும் உண்டு. கற்றையின் கோணத்தைப் பாதியாக்கினால் ஒளி விழும் பரப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிச் செறிவு நான்கு மடங்காகும். ஆகவே தூரத்துக்கு ஒடுங்கிய கற்றையும், முற்றத்துக்கும் அறைக்கும் விரிந்த கற்றையும் பொருத்தமானவை.

3. பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

• மூடிய கண்ணாடி யன்னலுக்கு உள்ளிருந்து விளக்கைப் போட்டால், தெறித்து வரும் ஒளி பிம்பத்தை மறைக்கும்.
• பனிமூட்டத்திலும் மழையிலும் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்பும். அப்போது விளக்கின் வலுவைக் குறைப்பதே நல்லது.
• பச்சை இலைகள் இக்கதிரை நன்கு தெறிப்பதால் வெண்மையாகத் தோன்றும். கண்ணெதிரே ஓர் இலைக்கொப்பு இருந்தால் அதன் பின்னால் உள்ளது தெரியாது.
• விளக்கை எவரது கண்ணுக்கும் நேரே பிடிக்கக்கூடாது. கூசும் ஒளி பட்டால் இமை தானே மூடும், கண்மணி சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு இந்தப் பாதுகாப்பு இயங்காது. வலி தெரியாமலே விழித்திரை பாதிக்கப்படலாம். லேசர் வகை விளக்குகளில் ஆபத்து மிக அதிகம்.

4. வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் ஜேர்மனியரும் அமெரிக்கரும் செந்நிறக்கீழ் விளக்குப் பூட்டிய துப்பாக்கிகளைக் களத்துக்குக் கொண்டுவந்தனர். 1945 இல் ஒக்கினாவாவில் அமெரிக்கப் படையினர் இவற்றைப் பயன்படுத்தினர். எதிரியிடம் இத்தகைய கருவி இல்லாதவரை இது பெரும் பலமாயிருந்தது. எதிரியிடமும் இருந்தால், விளக்கைப் போட்டவனே இருளில் முதலில் தெரிபவன். 1960 களில் வியட்நாம் போரில் அமெரிக்கர் விளக்கின்றி நட்சத்திர ஒளியையே பெருக்கும் கருவிகளைப் பயன்படுத்தியமைக்கு இது ஒரு முக்கிய காரணம். பார்ப்பதற்கு ஏற்றும் விளக்கு நம்மையும் காட்டிக் கொடுக்கும் என்பதை மறவாதீர்கள்.

5. குழப்பிக்கொள்ள வேண்டாம்

வெப்பப் படக் கமரா வேறு, இரவுப் பார்வைக் கருவி வேறு. வெப்பப் படக் கமராக்களிற் பெரும்பாலானவை, பொருள்கள் தாமே காலும் 8 முதல் 14 மைக்குரோமீற்றர் வரையான கதிர்களை உணர்கின்றன. அவற்றுக்கு விளக்குத் தேவையில்லை. 850 விளக்கைக் கொளுத்தினாலும் பயனில்லை. "இரண்டும் செந்நிறக்கீழ்க் கதிர்தானே" என்று ஒன்றாக எழுதிவிட்டுப் புள்ளியை இழக்காதீர்கள்.

மாதிரி வினாக்கள்

1. மூன்றாம் தலைமுறை இரவுப் பார்வைக் கருவிக்கு 940 நனோமீற்றர் விளக்குப் பொருந்தாதது ஏன்?
2. ஒரு விளக்கு 20 மீற்றரில் தரும் செறிவு E எனின், 60 மீற்றரில் எவ்வளவு?
3. செந்நிறக்கீழ் விளக்கு சாதாரண மின்சூளிலும் கண்ணுக்கு ஆபத்தாகக்கூடியது ஏன்?

விடைகள்

1. அதன் ஒளிக்கதோட்டு ஏறத்தாழ 900 நனோமீற்றருக்கு மேல் உணர்திறன் அற்றது.
2. தூரம் 3 மடங்கு. ஆகவே செறிவு E/9.
3. ஒளி தெரியாததால் இமை மூடுவதில்லை, கண்மணி சுருங்குவதில்லை. ஆகவே கதிர் தடையின்றி விழித்திரையை அடையும்.

விடையை மனனம் செய்யாமல், மூன்றாம் வினாவின் காரணத்தை வீட்டில் தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுங்கள். பரீட்சையில் மறக்காது. அவர்களின் கண்ணுக்கும் அது காவல்.